சூளை தூங்காது, உடம்பு தூங்கும்

(பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஆசிரியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூக்கத்தைப் பற்றிப் பேச மாலை ஏழு மணிக்கு அழைத்திருக்கிறீர்கள். பேசுகிறவனுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. இந்த நேரத்தில் யாரையும் எளிதில் தூங்கவைக்க முடியாது, என் பேச்சால்கூட. அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.

நம் பகுதியில் இந்த விஷயத்தைப் பேசினால் சிமென்ட் ஆலையில்தான் தொடங்க வேண்டும். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், தாமரைக்குளம், தளவாய், கீழப்பழுவூர் என்று எந்த ஆலையானாலும் சரி, சுண்ணாம்புக்கல் கலவை சூளைக்குள் 1450 டிகிரி செல்சியஸ் வரை சூடாகித்தான், சிமென்டாக அரைக்கப்படும் கிளிங்கராக வெளியே வரும். ராத்திரியாகிவிட்டது என்று சூளையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. திடீரென்று குளிரவிட்டால் உள்ளே பதித்த ஃபயர் பிரிக் வெடிக்கும். திரும்பச் சூடேற்ற ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அதனால் ஏ, பி, சி என்று மூன்று ஷிஃப்ட். பெரும்பாலும் காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து. நாரணமங்கலம் டயர் ஆலையிலும் மூன்று ஷிஃப்ட்தான். அரவைக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்கும் இரவு பகல் கிடையாது.

அந்தச் சி ஷிஃப்டில் அதிகாலை மூன்றரை, நாலு மணிக்கு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கண் இழுக்கும். கை ஜில்லென்று இருக்கும். மீட்டரில் எண் தெரியும், அது மண்டையில் ஏறாது. மேற்பார்வையாளர் வந்து பார்த்தால், "என்னப்பா, வேலை நேரத்துல தூங்குறியா?" என்பார். இவனும் குற்றம் செய்தவனைப் போல எழுந்து முகம் கழுவப் போவான். இன்று நான் அவன் பக்கம் நின்று பேச வந்திருக்கிறேன். நாலு மணிக்கு வருகிற அந்தத் தூக்கம் சோம்பலில் வருவது என்ற எண்ணம் தவறு என்பதுதான் என் வழக்கு. சாட்சிகளைக் கொஞ்சம் தூரத்திலிருந்து கூட்டிவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சாட்சி, அந்தச் சூளைக்குள் போகிற கல்லேதான். கல்லங்குறிச்சிச் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள், சிப்பி சிப்பியாக இருக்கும். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் உயிர்கள் அவை. சாத்தனூரில் படுத்திருக்கிற கல்மரத்தைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறோமே, அது இதைவிடவும் பழையது. சிப்பி வளரும்போது தன் ஓட்டில் நாளுக்கு ஒரு கோடு போடுகிறது. பகலில் ஒரு மாதிரி, இரவில் ஒரு மாதிரி வளர்வதால் விழுகிற கோடு. 2020இல் ஒரு ஆய்வுக் குழு ஓமன் நாட்டில் கிடைத்த, ஏறத்தாழ இதே காலத்துச் சிப்பி ஒன்றின் கோடுகளை லேசர் வைத்து எண்ணியது. அன்று ஓர் ஆண்டுக்கு 372 நாள். அப்படியானால் ஒரு நாள் என்பது இருபத்து மூன்றரை மணி நேரம். அதற்கும் முன்பே, 1963இல், ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் சுமார் 40 கோடி ஆண்டு பழைய பவளப் பாறைகளில் எண்ணிப் பார்த்தபோது ஆண்டுக்கு 400 நாள் வந்தது. நிலா எழுப்புகிற கடல் ஏற்றவற்றம் பூமியின் சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுத்து, நாளை நீட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

பூமியில் உயிர் என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து பகலும் இரவும் அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. அது உடம்புக்குள் எழுதப்படாமல் போயிருந்தால்தான் ஆச்சரியம். நாமோ மின்விளக்கு வந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் அதை அழித்துவிடலாம் என்று பார்க்கிறோம்.

இரண்டாம் சாட்சி புளியமரம். நால்வழிச்சாலை வருவதற்கு முன் திருச்சி–சென்னை சாலையின் இருபக்கமும் புளியமரங்கள் நின்றன. வயதானவர்களுக்கு நினைவிருக்கும். பொழுது சாய்ந்தால் புளிய இலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அகத்தி, வாகை, தூங்குமூஞ்சி மரம் எல்லாமே அப்படித்தான். கி.மு. நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் கடற்படையோடு போன ஆண்ட்ரோஸ்தினிஸ் என்பவர், இன்றைய பஹ்ரைன் தீவில் இப்படி இரவில் இலை மூடும் மரம் ஒன்றைப் பார்த்து எழுதிவைத்தார். அது புளியமரம்தான் என்று கருதுகிறார்கள். வெளிச்சம் போனது, இலை மூடியது, இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். 1729இல் பிரான்சைச் சேர்ந்த தெ மெரான் என்ற வானியலாளர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டறையில் வைத்தார். வெளிச்சமே இல்லை. அப்போதும் காலையில் இலை விரிந்தது, மாலையில் மூடியது. செடி வெளியே பார்த்து மணி தெரிந்துகொள்ளவில்லை. மணி உள்ளேயே இருந்தது.

சேவலையும் இதே சோதனைக்கு உட்படுத்தினார்கள், ஜப்பானில், 2013இல். மங்கலான ஒரே மாதிரி வெளிச்சத்தில் நாள்கணக்காக வைத்தும் அவை விடியலுக்கு முன் கூவின. பிறகு இன்னொன்றும் கண்டார்கள்: கூட்டத்தில் பெரிய சேவல் முதலில் கூவும், மற்றவை தங்கள் தரவரிசைப்படி காத்திருந்து கூவும். ஊர்ப் பஞ்சாயத்து போலத்தான் இருக்கிறது.

மூன்றாம் சாட்சியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமை. உடம்பின் கடிகாரம் என்றதும் ஐரோப்பா, அமெரிக்கா என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். இந்தத் துறையில் உலகம் கவனித்த வேலை ஒன்று, இங்கிருந்து மூன்று, மூன்றரை மணி நேரப் பயணத்தில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. செய்தவர் எம்.கே. சந்திரசேகரன். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் எர்வின் பியூன்னிங்கிடம் பயின்றவர். பியூன்னிங் அவரைக்கொடியின் இலையசைவை வைத்து, உள்கடிகாரம் பரம்பரையாக வருவது என்று காட்டியவர். சந்திரசேகரன் மதுரைக்கு வந்ததும் வெளிநாட்டுக் கருவிகளுக்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்துக் குகைகளில் வௌவால் இருந்தது, அதை எடுத்துக்கொண்டார்.

அந்த வௌவால்கள் குகையின் ஆழத்தில், பகலா இரவா என்று தெரியாத கும்மிருட்டில் தொங்குகின்றன. ஆனாலும் அந்தி சாய்ந்ததும் கூட்டமாகப் புறப்பட்டுவிடுகின்றன. யார் சொன்னது? சந்திரசேகரனும் அவருடைய மாணவர்கள் மாரிமுத்து, சுப்பராஜ் முதலியோரும் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து அந்தக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். கூண்டு வௌவாலுக்கு வெளிச்சம் தெரியாது. ஆனால் மற்றவை கிளம்புகிற, திரும்புகிற சத்தம் கேட்கும். அவை கூட்டத்தோடு சேர்ந்தே, சரியாக 24 மணிக் கணக்கில் விழித்தன. பிறகு வேறு வௌவாலே இல்லாத குகையில் ஒன்றைத் தனியாக வைத்தார்கள். அதன் விழிப்பும் உறக்கமும் நிற்கவில்லை, ஆனால் நாளுக்கு நாள் 24 மணியிலிருந்து நழுவிக்கொண்டே போயிற்று. உள்ளே கடிகாரம் இருக்கிறது. அதைத் தினமும் யாராவது சரிசெய்ய வேண்டும். வெளிச்சம் இல்லாத இடத்தில் சொந்தபந்தம் சரிசெய்கிறது. 1978இல் இது ஜெர்மன் அறிவியல் இதழில் வெளிவந்தது. மறுவருடம் சந்திரசேகரனுக்கு பட்நாகர் விருது கிடைத்தது. இந்த வௌவாலை நினைவில் வையுங்கள், திரும்ப அழைப்பேன்.

அதே பல்கலைக்கழக வளாகத்தில் மனிதர்களுக்கும் ஒரு தனிமைக் கூடம் கட்டினார்கள். ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, வானொலி இல்லை, நாளிதழ் இல்லை. தாங்களே முன்வந்தவர்கள் நாள்கணக்காக, வாரக்கணக்காக அங்கே தங்கினார்கள். பசித்தால் சாப்பிடலாம், தூக்கம் வந்தால் விளக்கை அணைத்துப் படுக்கலாம். தூக்கம் கண்டபடி சிதறவில்லை; ஒழுங்காகவே வந்தது, ஆனால் மெல்லப் பின்தள்ளிப் போனது. சிலருக்கு விசித்திரமான ஒன்று நடந்தது. உடம்பின் வெப்பநிலை ஒரு கணக்கில் ஏறி இறங்க, தூக்கமும் விழிப்பும் அதைவிட்டுப் பிரிந்து வேறு கணக்கில் ஓடின. பிரான்சின் நீஸ் நகரைச் சேர்ந்த மிஷேல் சிஃப்ர் 1962இல் ஆல்ப்ஸ் மலைக் குகையில் இரண்டு மாதம் தனியே இருந்தவர். செப்டம்பர் 14 அன்று வெளியே அழைத்தபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20தான். பிற்பாடு ஹார்வர்டில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி 1999இல் அளந்தார்கள்: மனிதனின் உள்நாள் சராசரியாக 24 மணி 10 நிமிடச் சொச்சம். அந்தப் பத்து நிமிடத்தைத் தினமும் காலை வெயில் வெட்டிச் சரிசெய்கிறது.

இனி உடம்புக்குள் போவோம். மூளையின் அடிப்பக்கம், இரண்டு கண்களின் நரம்பும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கூட்டமாக இருக்கின்றன. அதுதான் தலைமைக் கடிகாரம். 1972இல் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு அணுவுக்குள்ளும் சில மரபணுக்கள் ஒரு புரதத்தைச் செய்யச் சொல்கின்றன, புரதம் சேர்ந்ததும் அதுவே வந்து அந்த உற்பத்தியை நிறுத்துகிறது, பிறகு கரைகிறது, கரைந்ததும் உற்பத்தி மறுபடி தொடங்குகிறது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிறைந்தால் மிதவை ஏறிக் குழாயை மூடுமே, இறங்கினால் திறக்குமே, அந்த மாதிரி. இங்கே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி. 1971இல் பழ ஈயில் இதற்கான முதல் மரபணுவை அடையாளம் கண்டார்கள். இது எப்படி ஓடுகிறது என்பதை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு வந்தது. கல்லீரல், இதயம், தோல் என்று உடம்பு முழுக்க இதே சிறு கடிகாரங்கள் உண்டு. தலைமைக் கடிகாரம் அவற்றை நேரம் தவறாமல் பார்த்துக்கொள்கிறது.

கண்ணில் பார்வைக்கான அணுக்கள் போக, வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் இந்தக் கடிகாரத்துக்குச் சொல்லும் தனி அணுக்களும் இருக்கின்றன. நீலம் கலந்த வெளிச்சம் அவற்றை அதிகம் தூண்டும். அந்த அணுக்கள் பழுதாகாத பார்வையற்றவருக்கு நாள் கணக்குத் தவறாது. கண்ணே இல்லாதவர்கள் பலருக்குத் தூக்கம் வாரத்துக்கு வாரம் நகர்ந்துகொண்டே போகும். இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து உடம்புக்கு இரவு என்று சொல்கிறது. விடிவதற்கு முன், நாலு ஐந்து மணி வாக்கில், உடம்பின் சூடு ஆகக் குறைவாக இருக்கும். சி ஷிஃப்டில் அந்த நேரத்தில் குளிரெடுப்பது அதனால்தான்.

கடிகாரம் தவிர இன்னொரு கணக்கும் உண்டு. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தின் பாரம் ஏறும், தூங்கினால் இறங்கும். டீயும் காப்பியும் அந்தப் பாரத்தை இறக்குவதில்லை, தெரியாமல் மறைக்கின்றன. மாலையில் அந்தப் பாரம் நன்றாக ஏறியிருக்கும் நேரம் பார்த்து, கடிகாரம் எதிர்ப்பக்கம் முழுப் பலத்தோடு விழிப்பைத் தாங்கிப் பிடிக்கிறது. தூக்கம் வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பு அந்தப் பிடி மிக உறுதி. இந்த ஏழு மணிக்கு நீங்கள் கொட்டாவி விடாமல் இருப்பதற்கு என் பேச்சுத்திறன் காரணமில்லை. ஒன்பது, பத்து மணிக்கு அந்தப் பிடி தளரும். விடியற்காலை நாலு மணிக்குச் சி ஷிஃப்ட்காரருக்குப் பாரமும் உச்சத்தில் இருக்கிறது, பிடியும் அறவே இல்லை. இரண்டும் சேர்ந்து அமுக்கும்போது மனவுறுதி என்ன செய்யும்?

ஆலை வாசலில் மட்டும் இது நிற்பதில்லை. சென்னையிலிருந்து இரவு பத்து, பதினொரு மணிக்குக் கிளம்பும் பேருந்தும் லாரியும் திருமாந்துறை சுங்கச்சாவடியைத் தாண்டிப் பெரம்பலூரை மூன்று, நாலு மணிக்குத்தான் கடக்கின்றன. ஓட்டுநருக்கு உடம்பு ஆகக் கீழே இறங்கும் நேரமும் நம் மாவட்டத்துச் சாலையும் ஒன்றாக அமைந்துவிட்டன. விபத்துக்குப் பிறகு "கண் அசந்துட்டேன்" என்கிறார். அவர் மேல் வழக்கு. அவரை முந்தின நாள் பகலிலும் ஓட்டவைத்தவர் மேல் கேள்வி இல்லை.

இரவு வேலை முடித்தவர் பகலில் தூங்கிக்கொண்டால் போயிற்று என்பார்கள். எட்டு மணிக்குப் படுப்பார். அவருடைய கடிகாரமோ அப்போது விழிக்கச் சொல்கிறது. வீடு திரும்பும் வழியில் முகத்தில் அடித்த காலை வெயில் அதை இன்னும் உறுதியாகப் பகலில் நிறுத்திவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ். நம் ஊர் வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். பன்னிரண்டு, ஒரு மணிக்கு விழிப்பு வந்துவிடும். எத்தனை ஆண்டு இரவு வேலை பார்த்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் கடிகாரம் முழுதாகத் திரும்புவதே இல்லை. பல ஆண்டுகள் இப்படிப் போனால் சர்க்கரை நோய், இதய நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் 2019இலும் இரவு ஷிஃப்ட் வேலையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில், "அநேகமாக" என்ற பிரிவில் வைத்திருக்கிறது. இதில் நம் ஊர் வெயில் வேறு. சித்திரை மாதத்தில் கான்கிரீட் மாடிக்குக் கீழே பகல் தூக்கம் என்பது என்ன என்று, அந்தக் கான்கிரீட்டுக்குச் சிமென்ட் செய்தவரைத்தான் கேட்க வேண்டும்.

இனி மதுரை வௌவால். நமக்குக் கடிகாரத்தைத் திருப்புவது முக்கியமாக வெளிச்சம்தான். ஆனாலும் சுற்றியிருப்பவர்கள் நம் தூக்கத்தைத் தீர்மானிக்கிறார்கள். மிக்சி ஓடுகிறது, கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி, "ஏங்க, அண்ணன் வந்திருக்காங்க, எழுந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் படுங்க" என்று எழுப்புகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கு யாரையாவது இப்படி எழுப்புவோமா? சி ஷிஃப்ட் முடித்தவருக்குக் காலை பத்து மணி என்பது ராத்திரி ஒரு மணி. அந்த மரியாதையைத் தாருங்கள். ஜன்னலுக்குக் கனமான துணி, வாசலில் பக்கத்து வீட்டாருக்கு ஒரு சொல், அவ்வளவு போதும். பைக்கில் கண் சொருகிக்கொண்டு வருவதைவிட ஆலைப் பேருந்தில் வருவது நல்லது. இரவு இரண்டு மணிக்கு மேல் டீ வேண்டாம். உள்ளே போன கஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகும், அது காலைத் தூக்கத்தைக் கெடுக்கும். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்த காலத்தில் மோட்டார் போட மக்காச்சோளக் காட்டுக்கு நடந்த விவசாயிக்கும் இதே கதைதான். அவருக்கு இரவுப் படிகூட இல்லை.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. சொல்லப்போனால் அவர்களுடைய பெற்றோருக்கு. பதினைந்து, பதினாறு வயதில் கடிகாரம் இயற்கையாகவே பின்தள்ளும். பத்து மணிக்குப் பிள்ளைக்குத் தூக்கம் வராதது அடம் இல்லை. அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பன்னிரண்டு மணி வரை படிக்கவைத்து, ஐந்து மணிக்கு எழுப்பிச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பினால், அன்றன்று படித்தது மனதில் பதிய வேண்டிய தூக்கத்தைத்தான் வெட்டுகிறோம். ஔவையாரே வைகறையில் எழச் சொல்லியிருக்கிறாரே என்பார்கள். சொன்னார். அவர் காலத்துப் பிள்ளை எட்டு மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்தது. கையில் செல்போன் வெளிச்சத்தோடு படுத்த பிள்ளைக்கு அந்த அறிவுரையில் பாதியை மட்டும் எடுத்துச் சொல்வது நியாயமில்லை.

செல்போன் என்றதும் இன்னொன்று. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர்ப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவில். துபாயில் வேலை முடித்து, சமைத்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை. வயதான தாய்க்குக் கடிகாரம் முன்னே ஓடும், எட்டரைக்கே கண் சொருகும். மகன் முகத்துக்காகக் காத்திருக்கிறாள். அதை வேண்டாம் என்று சொல்ல எந்த அறிவியலுக்கும் உரிமையில்லை. வார விடுமுறை நாளில் பகலில் பேசச் சொல்லிப் பார்க்கலாம்.

நமக்கு இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. பெரம்பலூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். எந்த மாதமானாலும் ஆறேமுக்காலுக்குள் சூரியன் வந்துவிடும். பகல் வேலைக்காரர்கள், மாணவர்கள், முதியவர்கள் எழுந்ததும் அரை மணி நேரம் வாசலில், வரப்பில், மொட்டைமாடியில் நில்லுங்கள். இரவு தூக்கம் வரவில்லை என்று மாத்திரை கேட்கப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கடைசியாக ஷிஃப்ட் அட்டவணை. 1982இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், உப்பு ஏரிக் கரையில் பொட்டாஷ் எடுக்கும் ஆலை ஒன்றில் ஒரு சோதனை நடத்தியதாக வெளியிட்டார்கள். அங்கே வாரம் ஒருமுறை ஷிஃப்ட் மாறிக்கொண்டிருந்தது. அதுவும் இரவு, மாலை, காலை என்று பின்னோக்கி. நம் உள்நாள் 24 மணிக்குக் கொஞ்சம் கூடுதல் என்றேனே, அதனால் உடம்புக்குத் தள்ளிப் படுப்பது சுலபம், முந்திப் படுப்பது கடினம். சுழற்சியைக் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கித் திருப்பினார்கள். ஒரு பகுதியினருக்கு வாரத்துக்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். தொழிலாளர்களின் உடல்நலமும் மனநிறைவும் உயர்ந்தன. உற்பத்தியும் உயர்ந்தது.

மேற்பார்வையாளர்களிடமும் தொழிற்சங்கத் தோழர்களிடமும் இதையே கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலில் இரவுப் படிக்குக் கீழே இன்னும் மூன்று வரி சேருங்கள்: ஷிஃப்ட் ஏ, பி, சி என்ற வரிசையிலேயே சுழல வேண்டும்; சி ஷிஃப்ட் முடித்தவரை அன்றே பிற்பகல் மீண்டும் அழைக்கக் கூடாது; நாலு மணி வாக்கில் ஆள் மாற்றி இருபது நிமிடம் கண்மூட அனுமதி வேண்டும். முதல் இரண்டுக்கும் நிர்வாகத்துக்குச் செலவே கிடையாது. மூன்றாவதற்கு ஒரு கட்டில் வாங்க வேண்டும்.